நான் குடித்துக் காட்டிய தண்ணீர்

புதிதாக ஜெயித்து வந்திருக்கும் கவுன்சிலர்களுக்கும் தலைவர் நாற்காலியில் முதல்முறை உட்காரப்போகிறவர்களுக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதினேன். பொறுமை, நேர்மை, மக்கள் தொடர்பு என்று நான்கு பக்கம். மறுநாள் படித்துப் பார்த்தால் கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற பிளக்ஸ் மாதிரி இருந்தது. சிரித்த முகம், கூப்பிய கை, உள்ளே ஒன்றுமில்லை. கிழித்துவிட்டேன். கூட்டம் நடத்துவதையும் தீர்மானம் எழுதுவதையும் உங்களுக்கு அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். அங்கே யாரும் சொல்லித் தராத ஒன்றை நான் எழுதுகிறேன். ஒரு சொம்புத் தண்ணீரைப் பற்றி.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன நகராட்சிக்கு நான் தலைவியாக இருந்தேன். அதற்கு முன் நர்சரிப் பள்ளியில் தமிழ் டீச்சர். கரும்பும் நெல்லும் விளைகிற நிலம் வைத்திருந்த குடும்பம், ஊர்த் தெருவில் மாடி வீடு. தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று ஆனதும் கட்சிக்காரர்கள் பேசத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடினார்கள். எனக்குப் பேசத் தெரியும். அதுதான் என் தகுதி, பிறகு அதுதான் என் கேடும்.

ஒரு விஷயத்தை முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வீர்கள். மற்றவர்கள் தெருவைப் பார்க்கிறார்கள். நீங்கள் தெருவுக்குக் கீழே ஓடுவதைப் பார்ப்பீர்கள். மல்லிகைப்பூக் கடையைப் பார்த்தால் அதன் அடியில் அடைத்துக் கிடக்கிற கால்வாய் நினைவுக்கு வரும். கோயில் தேர் வரும்போது சனங்கள் சாமியைப் பார்த்துக் கும்பிட, நீங்கள் மட்டும் சக்கரத்துக்குக் கீழே எந்த மூடி உடையப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தாலும் போன் அடிக்கும்: அம்மா, எங்க தெருவுல லைட்டு எரியல. அம்மா, பன்னி செத்துக் கெடக்குது. ஊர் தன் அழுக்கையெல்லாம் உங்கள் காதில்தான் கொட்டும். அது பரவாயில்லை. அழுக்கு யாரையும் கெடுப்பதில்லை. கைதட்டல்தான் கெடுக்கும்.

எங்கள் நகராட்சியில் குழாய் பிட்டர் ஏழுமலை. எனக்கும் அவருக்கும் ஒரே வயது இருக்கும். முறை வைத்து வால்வைத் திறந்து ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் விடுகிறவர். ஊரின் வரைபடம் அலுவலகப் பீரோவில் எங்கோ இருந்தது, யாரும் பார்த்ததில்லை. ஏழுமலைக்கு அது உள்ளங்காலில் இருந்தது. எந்த இடத்தில் மிதித்தால் கீழே என்ன குழாய், அது யாருடைய ஆட்சியில் போட்டது என்று சொல்லுவார்.

ஒரு மார்ச் மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம், ஒரு குளிர்பான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மோந்து பாருங்கம்மா."

மோந்தேன். "பிளீச்சிங் வாசனைதானே?"

"அதுக்கு அடியில இன்னொண்ணு கீது பாருங்க."

மறுபடி மோந்தேன். இருந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோனால் வருமே, அந்த மாதிரி.

"எந்தத் தெரு?"

"காலனித் தெருவுங்க. மெயின் ரோட்டுல சின்னப் பாலம் இருக்குதில்ல, அதுக்குக் கீழ நம்ம லைனு சாக்கடைக்குள்ள பூந்து போவுது. அங்க ஒரு ஜாயின்ட்டு. எனக்கு அதும்மேல டவுட்டு. தண்ணி விட்டுக்கினு இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. வால்வை மூடிட்டா குழாய் காலியாவும் பாருங்க, அப்ப வெளிய இருக்கறத உள்ள இழுத்துக்கும்."

"சரி பண்ண எத்தனை நாள்?"

"லைனை நிறுத்திட்டு ரோட்டை ஒடைச்சிப் பாக்கணும். ரெண்டு நாளுன்னு வச்சிக்கோங்க."

கோடையில் மூன்று தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பஸ் போகிற ரோட்டை உடைக்க வேண்டும். அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. ஒவ்வொன்றும் ஒரு சண்டை. எந்தச் சண்டை எந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வரும் என்று என் மனம் கணக்குப் போட்டது. "பரீட்சை முடியட்டும் ஏழுமலை. பாத்துக்கலாம்" என்றேன்.

"சரிங்கம்மா."

இந்தச் 'சரிங்கம்மா'வை நீங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கப் போகிறீர்கள். அது சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குமேல் பேச அவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் கதவுவரை போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருபுறமும் பஸ் நின்றது. பச்சைக் குடம், மஞ்சள் குடம், வாய் உடைந்த குடம் என்று ரோட்டின் குறுக்கே ஒரு வேலி. பஸ்ஸுக்குள் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். அன்று கணக்குப் பரீட்சை. ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பரீட்சை, ஒன்பதே முக்காலுக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

முன்னால் நின்றவர் அஞ்சலை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். உலை வைக்கப் போக வேண்டிய நேரத்தில் ரோட்டில் நின்றார். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை நீ என்பேன், அவர் என்னை நீங்க என்பார். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

"அஞ்சலை, பிள்ளைங்க பரீட்சைக்குப் போவணும். முதல்ல வழி விடு. பிறகு பேசலாம்."

"எங்க புள்ளைங்களுந்தாம்மா பரீட்ச எழுதுது. காலைல எந்திரிச்சி மூஞ்சி கழுவுனா மூஞ்சே நாறுது. ஒரு வாரமா வந்து சொல்லிக்கினு கீறோம். பாக்கறோம், பாக்கறோம்னா, இன்னா சினிமாவா பாக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அவங்க ஊட்ல கேன் தண்ணிடி. அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"அதெல்லாம் வேணாம்" என்றார் அஞ்சலை. "தண்ணி நல்லாத்தான் கீதுன்னு ஆபீசுல சொல்றாங்க. சரி. இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா? குடிச்சிக் காட்டுங்க. நாங்க எழுந்து போயிடறோம்."

போன்கள் மேலே எழுந்தன. பத்து, இருபது, கண்ணாடிச் சில்லுகள் போல வெயிலில் மினுங்கின. கூட்டத்தின் விளிம்பில் ஏழுமலை நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். வேண்டாம்.

அந்த நொடியைத்தான் உங்களுக்காக இவ்வளவு மெதுவாக எழுதுகிறேன். என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. "தண்ணீர் கெட்டிருக்கலாம், எனக்குத் தெரியும், இந்த நிமிடம் நிறுத்துகிறேன், மதியம் லாரியில் வரும்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். வழியும் விட்டிருப்பார்கள், அவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒரு வாரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டிருப்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு வழி, குடித்துக் காட்டிவிடுவது; பிள்ளைகள் அழுகிறார்கள், நேரம் போகிறது, கேமராக்கள் காத்திருக்கின்றன.

"சொம்பு கொண்டா" என்றேன்.

ரோடு அப்படியே அடங்கிப்போனது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஊர்த் தெருக்காரர் காலனி வீட்டில் கை நனைப்பதில்லை. இப்போதெல்லாம் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மீறவும் மாட்டார்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது பாட்டில் தண்ணீரைக் கையிலேயே கொண்டுவருவார்கள். அஞ்சலை ஒரு கணம் நின்றார். பிறகு வீட்டுக்கு ஓடினார். சாம்பல் போட்டு அவசரமாகத் தேய்த்த ஈரத்தோடு ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. தெருக் குழாயைத் திருகிப் பிடித்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாயை வைத்தே குடித்தேன். கடைசிச் சொட்டு வரை.

கைதட்டினார்கள். ஒரு வயதான பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடங்கள் தாமாகவே ரோட்டைவிட்டு எழுந்தன. "எங்கூட்டு சொம்புலயேம்மா" என்று அஞ்சலை சொம்பைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பஸ்கள் கிளம்பின. ஜன்னலோரப் பெண் எனக்குக் கையசைத்தாள்.

காரில் ஏறினேன். கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். மருந்துக் கடையில் நிறுத்தி டிரைவரை அனுப்பினேன். வயிற்றுப்போக்குக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும், வாங்கி வரச் சொல்லி விழுங்கினேன். வெளியே இருநூறு பேர் பார்க்க நான் குடித்தது உலகம் முழுக்கப் போனது. உள்ளே நான் விழுங்கியதை யாரும் படம் எடுக்கவில்லை.

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் வீடியோ எனக்கு முன்னால் போய்விட்டது. கட்சியில் பெரியவர்கள் கூப்பிட்டார்கள். சாதியை ஒரு சொம்பில் கரைத்த தலைவி என்று யாரோ எழுதியிருந்தார். தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று கோழி இறகு விரிப்பதுபோல விரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சுகம் மூன்று நாள் இருந்தது.

மதியம் ஏழுமலை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இப்பவாச்சும் லைனை நிறுத்திடலாங்களா?"

"இப்பவா? இன்னிக்குக் காலைல குடிச்சிட்டு மதியம் நிறுத்தினா, நான் குடிச்சது நாடகம்னு ஆயிடாதா?"

அவர் திரும்பிப் போனார். 'சரிங்கம்மா'கூட இல்லை.

நம் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது. கொத்தனார் சுவர் சாய்ந்தால் இடித்துவிட்டு மறுபடி கட்டுவார். நமக்கு இடிக்க மனம் வராது. செய்ததைக் காப்பாற்ற இன்னொன்றைச் செய்வோம். ஒரு சைகையின் மானத்தைக் காக்க ஒரு தெருவின் வயிற்றைப் பணயம் வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையின் பேரனுக்குக் காதுகுத்து. தெருவுக்கே கறிச் சோறு, அஞ்சலையின் கைச் சமையல். சமையலுக்கும் குடிக்கவும் முதலில் கேன் தண்ணீர்தான் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சேர்மனம்மாவே குடித்த தண்ணீர் இருக்கும்போது கேன் எதற்கு? இது எனக்குப் பிறகு தெரியவந்தது.

திங்கள் காலை தெருவில் முப்பது பேருக்கு மேல் வாந்தி, பேதி. ஆம்புலன்ஸ்கள் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடின. அங்கே டாக்டர்களும் நர்சுகளும் வராந்தாவில் பாய் போட்டுக்கூடப் பார்த்தார்கள். ஒரே ஒருவரைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அஞ்சலையின் நாத்தனார், மலர். அஞ்சலையின் கணவர் கோவிந்தனுக்குத் தங்கை. புருஷனை இழந்தவர். மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஊரிலிருந்து, காலேஜில் படிக்கிற மகளை வீட்டில் விட்டுவிட்டு, அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர். சர்க்கரை வியாதி இருந்தது. வீட்டிலேயே படுத்திருந்து நேரம் கடந்து வந்து சேர்ந்தார். செவ்வாய் மதியம் இறந்தார்.

அதற்குள் ஏழுமலை யாரையும் கேட்காமல் வால்வை மூடி, பாலத்தின் பக்கவாட்டில் தோண்டி, ஜாயின்ட்டை மாற்றிவிட்டார். ஒரே காலையில் முடிந்தது. ரோட்டை உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விண்டுபோன பழைய துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கறுத்து, உள்ளே வழவழவென்று, புழுத்த பல் மாதிரி இருந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பியூனைக் கூப்பிட்டு அதைப் பழைய இரும்போடு போடச் சொன்னேன்.

செவ்வாய் சாயங்காலம் நகராட்சி ஆணையர் அறையில் உட்கார்ந்தோம். குளோரின் நிறையப் போட்டுக் கழுவிவிட்ட பிறகு எடுத்த தண்ணீர் மாதிரியின் சோதனை முடிவு மேசைமேல் இருந்தது. குடிக்க ஏற்றது என்று வந்திருந்தது. விருந்துச் சாப்பாட்டில் மிச்சம் இல்லை, சோதிக்க வழியில்லை. ஆணையர் கெட்டவர் இல்லை. களைத்தவர். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தவர்.

"மேடம், எல்லாரும் ஒரே விருந்துல சாப்பிட்டிருக்காங்க. காரணம் உணவுன்னு அறிக்கையில போட்டுட்டா முடிஞ்சது."

"தண்ணின்னு யாராவது கேட்டா?"

"நீங்களே குடிச்சிருக்கீங்களே. ஊரே பாத்திருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

நான் நலமாக உட்கார்ந்திருந்தேன். என் உடம்பே சாட்சி. மாத்திரை காப்பாற்றியதா, என் வயிற்றின் வாகா, அன்றைக்குக் குழாயில் வந்தது தேவலையாக இருந்ததா, தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்தச் சாட்சி பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும், ஏழுமலைக்குப் பாதி தெரியும். பத்திரிகைக்காரர்களிடம் நானே சொன்னேன். விருந்தில் பரிமாறப்பட்ட உணவே காரணம் என்று தெரியவருகிறது. தெரியவருகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்கு, எங்கிருந்து, எப்படி என்று யாரும் கேட்காதபடி நாம் செய்து வைத்திருக்கிற சொல்.

உணவு என்றால் சமைத்தவர் யார்? அறிக்கையில் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்தில் கோவிந்தன், அஞ்சலை ஆக்கி வைத்த சோற்றைப் பானையோடு தூக்கித் தெருவில் கொட்டினாராம். என் தங்கச்சிய கூப்பிட்டுக் கொன்னுட்ட என்றாராம். கொத்துவேலைச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு, தனியாக நின்ற தங்கை மகளுக்குத் துணையாக அந்த ஊருக்கே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் மனுக் கொடுத்தார்கள். ஒரு பொம்பளையைக் கொன்ன கையால எங்க பிள்ளைகளுக்குச் சோறா என்று. மனு என் மேசைக்கு வந்தது. பொதுமக்கள் உணர்வைக் கருதி அவரைச் சமையல் பணியிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரை எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கும் எனக்கு, டீச்சர் கையெழுத்து.

என் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த முறை எனக்கு இடம் தரவில்லை. அதற்கு வேறு காரணங்கள், உங்களுக்கு அவை சுவாரசியமாக இருக்காது. அந்தத் தெருவழியே போக நேர்ந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அப்படித்தான் காலத்தை ஓட்டினேன்.

போன தை மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காணை ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் கும்பலாக நின்றார்கள். சாக்கில் சுற்றிய கத்திகள், தூக்குவாளிகள். அதிலிருந்து ஒரு குரல்.

"நல்லா கீறீங்களா சேர்மனம்மா? எளைச்சிப் பூட்டீங்க."

அஞ்சலை. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை அடித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் இப்ப சேர்மன் இல்ல அஞ்சலை."

"எங்களுக்கு நீங்கதாம்மா. எங்கூட்டு சொம்புல வாய் வச்சிக் குடிச்சீங்க. அதெல்லாம் மறப்பனா?" சொல்லிவிட்டு, கையிலிருந்த சாக்கைக் காலடியில் வைத்தார். "கறிய மூணு தபா கழுவனேம்மா. மஞ்சத் தூளு போட்டு அலசனேன். எங்க தப்பு ஆச்சின்னே தெரியல. எண்ணெயா, மசாலாவா, பாத்திரம் ஈயம் போச்சான்னு படுத்தா அதான் ஓடிக்கினு கீது. பதினோரு வருசம் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன், ஒரு புள்ளைக்கு வயித்து வலின்னு இல்ல. கடைசில எங்க ஊட்டு ஆளையே..."

"தண்ணின்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"மொத அப்பிடித்தான் தோணுச்சி. அப்பறம், நானே கேட்டேன், நீங்களே குடிச்சீங்க, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல. இன்னும் தண்ணி மேல பழி போட்டா பாவமில்லையா?"

அவ்வளவு நியாயமாக இருந்தார். அறிக்கையை ஊர் நம்பியது, நம்பவில்லை, அது வேறு. அஞ்சலை நம்பியிருந்தார். ஒரு கொலையைச் செய்யாமலே சுமந்துகொண்டு, கரும்புக் காட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

சொன்னேன். பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே, டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஏழுமலையின் பாட்டில், பாலத்துக்கு அடியில் ஜாயின்ட்டு, கார்க் கண்ணாடி, மாத்திரை. எதையும் அலங்கரிக்கவில்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கறதுக்கு முன்னாலயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஏ அஞ்சல, ஜல்தி வாடி, வண்டி எடுக்கறான்!" என்று அவர் கூட்டம் கத்தியது. அவர் அசையவில்லை. கண்ணில் நீர் வரவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அடியிலிருந்து மேலே வந்து, இறுகி, நின்றது.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது?" என்றார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நான் கொன்னேன்னு சொல்லிட்டுப் போனாரு பாரு, அந்தாளுகிட்டப் போய் சொல்லு."

அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்றார்.

"நீயும் வா. ரெண்டு பேரும் போகலாம்."

"நான் வந்தா நான் சொல்லிக் குடுத்ததாப் பூடும். நீயே போ." சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திண்டிவனம் போய் செஞ்சிப் பஸ் பிடித்து, இறங்கி, வேறு பஸ் மாறிப் போனேன். சமணக் கோயில் கோபுரம் தூரத்தில் தெரிய, அதற்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். கோவிந்தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. தங்கை மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

"வாங்கம்மா. ஒக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் கை மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தது. பாதியில் ஒரு இடத்தில் நின்றது. பிறகு உடைக்கவில்லை. இத்தனை வருடம் நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மடியில் கிடந்த தோலைப் பார்த்தபடி பேசினார்.

"ஆஸ்பத்திரில டாக்டரு கேட்டாரு, இன்னா சாப்டாங்கன்னு. கறி சோறுன்னேன். தண்ணி இன்னா குடிச்சாங்கன்னு கேட்டாரு. எங்க சேர்மனம்மாவே குடிச்ச தண்ணி சார், அது சுத்தமான தண்ணின்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

அவருக்கு என்னிடம் பதில் தேவைப்படவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அதையும் எனக்குத் தரவில்லை. எழுந்து மடியைத் தட்டினார். உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம், "பாப்பா வந்தா சொல்லு, மாமா ஊட்டுக்குப் போயிருக்காருன்னு" என்றார்.

பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால். வழியெல்லாம் அவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயிலில் வெந்து, கோடு கோடாக, எதையோ எழுதி அடித்த தாள் மாதிரி. பஸ் மாறிய பிறகும் அப்படித்தான் உட்கார்ந்தோம். ஊர் நெருங்கியதும் எழுந்து படிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அஞ்சலை கரும்புக்குப் போயிருக்கும். சாயங்காலந்தான் வரும்" என்றேன்.

"தெரியும். வர்ற வரைக்கும் வாசல்ல ஒக்காந்திருக்கேன். உள்ள விட்டா விடுது." காலனி நிறுத்தம் வந்தது. இறங்கும்போது என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "பள்ளிக்கூடத்துலயும் சொல்லிட்டுப் போங்க. அங்கயும் அவளுக்கு அந்தப் பேருதான் கீது."

அவர் இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது.

அடுத்த நிறுத்தம் பள்ளிக்கூடம். மணி நான்கு. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர்கள் வாசலில் கூடி நிற்கிற நேரம். சைக்கிள்கள், ஆட்டோக்கள், இடுப்பில் சின்னக் குழந்தைகளோடு தாய்மார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அதில் எத்தனை பேரோ. ஒருத்தி என்னைப் பஸ்ஸுக்குள் அடையாளம் கண்டுகொண்டு பக்கத்திலிருந்தவளிடம் காட்டிச் சிரித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் எழுந்து, இறங்கினேன்.